காசு கடல் கடக்குமா?



ஒருவரை உயர்வாகப் பேச வேண்டுமானால், "அவர் நாணயமானவர்" என்று கூறுவது நம் வழக்கம். கையில் எடுத்துச் செலவிடும் காசுக்கும், மனத்தில் காக்க வேண்டிய நேர்மைக்கும் தமிழில் ஒரே சொல் அமைந்திருக்கிறது. இவ்வாண்டு எங்கள் பள்ளி நாணயக் கழகத்தைச் சேர்ந்த நாங்கள் அச்சொல்லின் இரு பொருளையும் ஒருசேரக் கற்றோம். கற்றதை உங்களுக்கும் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வந்த கடிதம்

நமது நூலகத்து அலமாரியின் மேல்தட்டில் பழைய பிஸ்கட் டப்பா ஒன்று இருப்பதைப் பலரும் அறிவீர்கள். அதுவே எங்கள் கழகத்தின் கருவூலம். இங்கே பல்லாண்டுகள் ஆங்கிலமும் வரலாறும் கற்பித்து, முதுமையின் காரணமாகத் தம் தாயகமாகிய அயர்லாந்துக்குத் திரும்பிய நம் சிஸ்டர்தாம் அதைத் தொடங்கி வைத்தவர். வரலாற்றுப் பாடம் நடக்கும்போது டப்பாவைத் திறந்து, ஒரு காசை எடுத்து, மாணவியரின் கையில் வைத்து, "இப்போது சொல், இது யார் காலம்?" என்று கேட்பாராம். எங்கள் தாய்மார்களுள் சிலரே அக்கேள்விக்கு விடை சொன்னவர்கள்.

சென்ற நவம்பரில் அவரிடமிருந்து தலைமையாசிரியை சிஸ்டருக்கு ஒரு கடிதம் வந்தது. கண்பார்வை அறவே மங்கிவிட்டதால் அவர் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதியிருந்தார். "அந்த டப்பாவிலுள்ள காசுகளை ஒரு முறை விரலால் தொட்டுப் பார்க்க ஆசையாக இருக்கிறது. ஆறு காசுகளை மட்டும் அனுப்புங்கள். சில நாள் வைத்திருந்து திருப்பி அனுப்பிவிடுகிறேன்" என்பதே கடிதத்தின் சாரம். எந்தெந்தக் காசு என்பதையும் நினைவிலிருந்தே குறித்திருந்தார்:

1. கிழக்கிந்தியக் கம்பெனியின் 1835ஆம் ஆண்டுக் காலணா.
2. விக்டோரியா ராணியின் உருவம் பொறித்த 1862ஆம் ஆண்டுக் காலணா.
3. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் 1912ஆம் ஆண்டுக் காலணா.
4. 1944ஆம் ஆண்டின் ஓட்டைக் காலணா.
5. 1957ஆம் ஆண்டின் ஒரு நயா பைசா.
6. அயர்லாந்தின் 1928ஆம் ஆண்டுப் பென்னி.

இறுதியிலுள்ளது சிஸ்டரே தம் ஊரிலிருந்து கொண்டுவந்து டப்பாவில் போட்டது. அயர்லாந்து தன் சொந்த நாணயங்களை வெளியிட்ட முதல் ஆண்டு 1928. கவிஞர் யேட்ஸ் தலைமையில் அமைந்த குழு, பெர்சி மெட்காஃப் என்ற சிற்பியின் வடிவங்களைத் தேர்ந்தெடுத்தது. எட்டுக் காசுகளிலும் விலங்கும் பறவையும் மீனுமே இடம்பெற்றன. பென்னிக்கு வாய்த்தது தாய்க்கோழியும் குஞ்சுகளும்.

எங்களுக்குத் தோன்றிய முதல் வழி

ஆறு காசுகளையும் சேர்த்தால் ஒரு கைப்பிடி கூட இல்லை. 'இதை அனுப்புவதா பெரிய காரியம்?' என்று எண்ணினோம். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைக்குள் காசுகளை ஒட்டி, உறையின் மேல் 'வாழ்த்து அட்டை' என்று எழுதிப் போட்டுவிடலாம் என்றாள் ஒருத்தி. "எல்லாரும் அப்படித்தானே அனுப்புகிறார்கள்? விலைக்கா விற்கிறோம்? வயதான சிஸ்டருக்குத்தானே?" என்று பெரியவர்களுள் சிலரும் அதற்கு இசைந்தனர். அட்டையும் வாங்கினோம், பசை நாடாவும் எடுத்துவிட்டோம்.

அப்போது எங்கள் கழகப் பொறுப்பாசிரியை, "அனுப்பலாமா என்று கேட்டீர்களா? இல்லை, எப்படி மறைக்கலாம் என்று மட்டும் பார்த்தீர்களா?" என்றார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. தபால் நிலையத்துக்குச் சென்று விசாரிப்பதென்றும், எங்களுள் ஒருத்தியின் தாத்தா சுங்கத்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவராதலால் அவரையும் பள்ளிக்கு அழைப்பதென்றும் தீர்மானித்தோம். ஒரு காசு நம் நாட்டை விட்டு வெளியே செல்ல வேண்டுமானால் நான்கு வாயில்களைக் கடக்க வேண்டும் என்பதை அவ்விரு இடங்களிலும் அறிந்தோம்.

முதல் வாயில்: அஞ்சல் விதி

நாடுகளுக்கிடையே கடிதம் செல்வதற்கு அடிப்படையாக இருப்பது உலக அஞ்சல் ஒன்றியம். 1874ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் செய்துகொண்ட உடன்படிக்கையால் அது பிறந்தது. அந்நாளையே நாம் உலக அஞ்சல் தினமாகக் கொண்டாடுகிறோம். இந்தியா அதில் 1876ஆம் ஆண்டிலேயே சேர்ந்தது.

அவ்வொன்றியத்தின் ஒப்பந்தத்தில் ஒரு விதி உண்டு. நாணயம், பணத்தாள், பொன், வெள்ளி, நவமணி, நகை ஆகியவற்றைக் காப்பீடு செய்யாத சாதாரணக் கடிதத்தில் வைத்து அனுப்பலாகாது. அனுப்பும் நாடு, பெறும் நாடு ஆகிய இரண்டின் சட்டங்களும் இடம் கொடுத்தால் மட்டுமே மூடி ஒட்டிய உறையில் பதிவுத் தபாலாக அனுப்பலாம். இல்லையேல் காப்பீடு செய்தே ஆகவேண்டும். காப்பீட்டுத் தபாலை எல்லா நாடுகளும் ஏற்பதில்லை என்பதால், எந்த நாட்டுக்கு எந்த வசதி உண்டு என்பதை ஒவ்வொரு முறையும் தபால் நிலையத்திலேயே கேட்டறிய வேண்டும்.

இவ்விதி ஏன்? கடிதங்கள் பல கைகள் மாறிச் செல்கின்றன. உறைக்குள் காசு இருப்பது தடவினாலே தெரியும். அது ஒருவனுக்கு ஆசையை உண்டாக்கும். காணாமற் போனால் வழியில் உழைத்த அத்தனை பேர் மீதும் ஐயம் விழும். காப்பீட்டுத் தபாலோ கைமாறும் இடந்தோறும் குறித்துக்கொள்ளப்படுவது. ஆகவே அவ்விதி நம் காசை மட்டுமல்லாமல், அதைச் சுமந்து செல்லும் தபால்காரரின் நற்பெயரையும் காக்கிறது.

தபால் அதிகாரி இன்னொன்றும் சொன்னார்: "விலக்கப்பட்ட பொருளை மறைத்து அனுப்பினால், அது தொலைந்து போனாலும் இழப்பீடு கேட்க முடியாது, அம்மா. காப்பீடு செய்யும்போதும் பொருளின் உண்மையான மதிப்புக்கு மேல் எழுதக் கூடாது."

இரண்டாம் வாயில்: தொல்பொருட் சட்டம்

இந்த வாயிலில்தான் எங்கள் ஆசை தடைப்பட்டது.

தொல்பொருட்கள் மற்றும் கலைக்கருவூலங்கள் சட்டம் 1972ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 1976ஆம் ஆண்டு ஏப்ரல் 5 முதல் நடைமுறையில் இருந்து வருகிறது. அச்சட்டத்தின்படி, தோன்றி நூறு ஆண்டுக்குக் குறையாத எந்த நாணயமும் தொல்பொருளே. அதை மத்திய அரசோ, அவ்வரசின் அதிகாரம் பெற்ற நிறுவனமோ அன்றி வேறு எவரும் வெளிநாட்டுக்கு அனுப்பலாகாது. மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனையும் அபராதமும் உண்டு.

இங்கே நாங்கள் எழுப்பிய ஐயங்களையும் தாத்தா தந்த விடைகளையும் அப்படியே தருகிறோம்.

*"விலை மிகக் குறைந்த செப்புக் காசுதானே, தாத்தா?"*

"சட்டம் வயதைக் கேட்கிறது, விலையைக் கேட்கவில்லை. கம்பெனிக் காலணாவை லட்சக்கணக்கில் அடித்தார்கள். இன்று சொற்ப விலைக்கே கிடைக்கும். ஆனாலும் 1835 என்று அதன் முகத்திலேயே எழுதியிருக்கிறதே!"

*"விற்பதற்கு அல்லவே, சில நாளுக்கு இரவலாகத்தானே?"*

"திரும்பி வரும் என்று சொல்லிப் போன பொருட்கள் திரும்பாத கதைகள் அநேகம், பாப்பா. இரவல் என்பதற்காகத் தனியார்க்கு விலக்கு இல்லை."

*"அப்படியானால் பாட்டி கொடுத்த பழங்காசை வீட்டில் வைத்திருப்பதே குற்றமா?"*

"இல்லை. வைத்திருக்கலாம், பேத்திக்குக் கொடுக்கலாம். நாட்டை விட்டு வெளியே அனுப்புவதுதான் தடை. ஆனால் தோட்டம் தோண்டும்போது மண்ணுக்குள்ளிருந்து காசுப் புதையல் கிடைத்தால் அது வேறு கதை. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைப் பற்றிக் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும்."

*"நூறு ஆண்டு ஆயிற்றா என்று தெரியாவிட்டால்?"*

"அதைத் தீர்மானிக்க இந்தியத் தொல்லியல் துறை இருக்கிறது. தொல்பொருள் அன்று என்று அவர்களிடம் சான்றிதழ் வாங்கலாம். அவர்கள் முடிவே முடிவு."

இந்த நூறாண்டு எல்லை ஒரே இடத்தில் நிற்பதில்லை என்பதை அறிந்தபோது வியந்தோம். ஐந்தாம் ஜார்ஜ் 1911 முதல் 1936 வரை அச்சிட்ட காசுகளுள் முற்பட்டவை எல்லையைத் தாண்டிவிட்டன, பிற்பட்டவை தாண்டவில்லை. 1944ஆம் ஆண்டு ஓட்டைக் காலணா 2044ஆம் ஆண்டில் தொல்பொருளாகும். சட்டம் உள்நாட்டுக் காசு, வெளிநாட்டுக் காசு என்று பிரிக்காததால், டப்பாவிலுள்ள அயர்லாந்துப் பென்னியும் 2028இல் நூறைத் தொட்டுவிடும்!

ஆகவே பட்டியலின் முதல் மூன்று காசுகளும் அனுப்ப இயலாதவை என்பது உறுதியாயிற்று.

ஏன் இவ்வளவு கட்டுப்பாடு?

ஒரு சிறு காசுக்கு இத்தனை காவல் எதற்கு என்று எங்களுக்கும் தோன்றத்தான் செய்தது. அதற்கு விடை நம் தமிழ்நாட்டு வரலாற்றிலேயே இருக்கிறது. சங்க காலத்து மூவேந்தர் தம் பெயர் பொறித்துக் காசு அடித்தனரா என்பது நெடுங்காலம் ஐயத்துக்குரியதாகவே இருந்தது. 1980களில் நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி ஒரு செப்புக் காசில் தமிழ்-பிராமி எழுத்தில் 'பெருவழுதி' என்ற பாண்டியன் பெயரைக் கண்டறிந்தார். ஏட்டில் மட்டும் படித்து வந்த பெயர் செம்பில் எழுந்து நின்றது. அக்காசை எவரேனும் அழகுப் பொருளாக எண்ணி உறையிலிட்டு வெளியூர் அனுப்பியிருந்தால் நாம் எதை இழந்திருப்போம் என்று எண்ணிப் பாருங்கள்.

நம் மண்ணில் கிடைத்த ரோமானியக் காசுகளைச் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் காணலாம். மிளகும் முத்தும் ஏற்றிச் சென்ற மரக்கலங்களுக்கு அக்காசுகளே சாட்சி. காசு எங்கே கிடைத்தது என்பது தெரியும் வரையில்தான் அது சாட்சி சொல்லும். இடம் பெயர்ந்து, ஊர் பெயர் மறைந்துவிட்டால் அது ஊமையாகிவிடும்.

உலக நாடுகளும் இதனை உணர்ந்துள்ளன. யுனெஸ்கோவின் 1970ஆம் ஆண்டு ஒப்பந்தம், பாதுகாக்கத்தக்க பண்பாட்டுச் செல்வங்களின் வரிசையில் நூறாண்டுக்கு மேற்பட்ட நாணயங்களையும் சேர்த்துள்ளது. இந்தியா அதனை 1977இல் ஏற்றுக்கொண்டது.

மூன்றாம் வாயில்: அந்நியச் செலாவணி விதி

'பழையன போகட்டும், புதிய காசுகளையாவது அனுப்பலாமே' என்று ஆறுதல் கொண்டோம். அதற்கும் ஒரு விதி இருந்தது.

நம் நாட்டுப் பணத்தை நினைத்தபடி வெளியே அனுப்ப இயலாது. இதற்கென ரிசர்வ் வங்கி 2015ஆம் ஆண்டில் விதிமுறைகள் வெளியிட்டது. நேபாளம், பூட்டான் நீங்கலாக மற்ற வெளிநாடுகளுக்கு, நினைவு நாணயங்களை ஒவ்வொன்றிலும் இரண்டுக்கு மேற்படாமல் எடுத்துச் செல்லவோ அனுப்பவோ அவ்விதிமுறைகள் அனுமதிக்கின்றன. நினைவு நாணயம் என்பது ஒரு நிகழ்ச்சியையோ பெரியோரையோ நினைவுகூர்ந்து அரசு நாணயச்சாலை நம் ரூபாய்க் கணக்கில் வெளியிடுவது. விடுதலை பெற்ற இந்தியாவில் அத்தகைய முதல் காசு 1964இல் நேருவின் நினைவாக வெளிவந்தது. 1995இல் எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டித் திருவள்ளுவர் காசும், 2009இல் பேரறிஞர் அண்ணா காசும், அதே ஆண்டில் புனித அல்போன்சா காசும், 2010இல் அன்னை தெரசா காசும் வந்தன.

ஓட்டைக் காலணாவும் நயா பைசாவும் நினைவு நாணயங்கள் அல்ல. ஆகவே இந்தச் சலுகை அவற்றுக்குப் பொருந்தாது. "ஐயம் இருக்கும்போது அனுப்பாதீர்கள், எழுதிக் கேளுங்கள்" என்றார் தாத்தா. எங்கள் பட்டியல் மேலும் சுருங்கியது. கோழிப் பென்னியைப் பற்றி யோசித்தோம். அது சிஸ்டர் டப்பாவுக்குக் கொடுத்த காணிக்கை. அதை மட்டும் பிரித்து அனுப்ப எங்களுக்கு மனம் வரவில்லை.

நான்காம் வாயில்: சேரும் நாட்டின் சுங்கம்

நம் நாட்டு வாயில்களைக் கடந்த பின்பும் பெறும் நாட்டின் வாயில் ஒன்று இருக்கிறது. அயர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேர்ந்தது. அவ்வொன்றியம் 2019இல் இயற்றிய சட்டத்தின்படி, தோன்றிய நாட்டின் சட்டத்தை மீறி வெளியேற்றப்பட்ட பண்பாட்டுப் பொருட்கள் 2020ஆம் ஆண்டு டிசம்பர் 28 முதல் உள்ளே வரலாகாது. ஆகவே இங்கே கண்ணுக்குத் தப்பினாலும் அங்கே தப்பாது. வாழ்த்து அட்டையைத் திறந்த குற்றத்துக்குக் கண் தெரியாத நம் சிஸ்டர் பதில் சொல்ல வேண்டி வந்திருக்கும். அதை எண்ணியபோது எங்கள் முகம் வாடியது.

வெளிநாட்டுக்குப் பொருள் அனுப்புவோர் சுங்க அறிவிப்புப் படிவம் நிரப்ப வேண்டும். எஸ்.டி.ஆர். எனப்படும் பன்னாட்டுக் கணக்கு அலகில் 300 வரை மதிப்புள்ளவற்றுக்கு சி.என். 22 என்ற சிறு படிவம். அதற்கு மேற்பட்டால் சி.என். 23 என்ற பெரிய படிவம். பொருளின் பெயர், எண்ணிக்கை, எடை, மதிப்பு ஆகியவற்றை எழுதி, தந்த விவரங்கள் உண்மை என்றும், விலக்கப்பட்ட பொருள் எதுவும் உள்ளே இல்லை என்றும் உறுதி கூறி அனுப்புபவர் கையெழுத்திட வேண்டும். 2021 முதல் பல நாடுகள் இவ்விவரங்களைப் பார்சல் வந்து சேருமுன்னரே மின்னணு முறையில் கேட்கின்றன. அதனால் தபால் நிலையத்திலேயே கணினியில் பதிவு செய்கிறார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் தனியொருவர் மற்றொருவருக்கு அனுப்பும் அன்பளிப்பு 45 யூரோவுக்கு மேற்படாமல் இருந்தால் வரி இல்லை. இச்சலுகையைப் பெறுவதற்காக மதிப்பைக் குறைத்து எழுதுவோரும் உண்டு. அதுவும் பொய்க் கையெழுத்தே.

நாங்கள் செய்தது

ஆறு காசுகளுள் ஒன்றும் கடல் கடக்காது என்பது தெளிவாயிற்று. புகைப்படம் அனுப்பலாம் என்றால் சிஸ்டருக்குக் கண் தெரியாது. காகிதத்தின் மேல் பென்சிலால் தேய்த்து எடுக்கும் பிரதியாலும் பயனில்லை. அவர் கேட்டது விரலால் தொட்டுப் பார்க்க. இரண்டு நாள் எங்களுக்கு வழி தோன்றவில்லை.

வழி காட்டியவர் ஓவிய ஆசிரியை. நாணய ஆராய்ச்சியாளர்கள் காசைக் கைமாற்றாமலே ஆராய்வதற்காக அதன் அச்சைப் பிளாஸ்டரில் வார்த்து அனுப்பும் பழக்கம் நெடுங்காலமாக உண்டு என்றார். அன்று மாலையே வேலையைத் தொடங்கினோம். மென்மையான களிமண்ணைத் தட்டையாக்கி, அதன்மேல் சிறிது பவுடர் தூவி, காசை மெல்ல அழுத்தி எடுத்தோம். பதிந்த குழியில் தண்ணீரில் கரைத்த பிளாஸ்டர் ஆப் பாரிஸ் மாவை ஊற்றி உலரவிட்டோம். உலர்ந்த பின் எடுத்தால் காசின் முகம் மேடும் பள்ளமுமாக அப்படியே இருந்தது. முதல் நாள் வார்த்தவற்றில் காற்றுக் குமிழிகள் விழுந்துவிட்டன. ஓட்டைக் காலணா மூன்று முறை உடைந்தது. நான்காம் முறை நிலைத்தது.

ஒவ்வொரு காசுக்கும் இரு பக்கத்தையும் தனித்தனியே வார்த்ததால் பன்னிரண்டு வில்லைகள் ஆயின. பின்னாளில் எவரும் அசல் என்று மயங்காதிருக்க, ஒவ்வொன்றின் பின்புறத்திலும் 'நகல்' என்று கீறினோம். அட்டையில் வட்டமாக வெட்டி, வில்லைகள் அசையாதபடி பஞ்சு வைத்துப் பொதிந்தோம்.

தபால் நிலையத்தில் படிவம் நிரப்பும்போது மீண்டும் ஒரு பாடம். பொருளின் பெயர் கேட்ட இடத்தில் ஒருத்தி 'அன்பளிப்பு' என்று எழுதினாள். "அன்பளிப்பு என்பது அனுப்பும் காரணம், அம்மா, பொருளின் பெயர் அன்று" என்று அதிகாரி திருத்தினார். 'மதிப்பு இல்லை' என்று எழுதியதையும் அடிக்கச் சொன்னார். கடைசியில், 'பிளாஸ்டர் வார்ப்பு வில்லைகள் 12, மாணவியர் கைவேலை, மதிப்பு 120 ரூபாய்' என்று எழுதினோம். 120 ரூபாய் என்பது மாவுக்கும் களிமண்ணுக்கும் நாங்கள் கடையில் கொடுத்த தொகை. கையெழுத்திட்டபோது எங்கள் தலைவியின் கை சற்றும் நடுங்கவில்லை. வாழ்த்து அட்டையை அனுப்பியிருந்தால் நடுங்கியிருக்கும் என்று அவளே பிறகு சொன்னாள்.

உண்மையான காசு ஒன்றாவது சிஸ்டரின் கையில் சேரவேண்டும் என்ற ஆசை மட்டும் எஞ்சியிருந்தது. கோடை விடுமுறையில் அயர்லாந்து செல்லவிருந்த நம் மடத்துச் சகோதரி ஒருவரிடம் 2010ஆம் ஆண்டு அன்னை தெரசா நினைவுக் காசுகள் இரண்டைக் கொடுத்தோம். விதிக்கு உட்பட்ட எண்ணிக்கை அது. அன்னை தெரசா தம் துறவு வாழ்வைத் தொடங்கி ஆங்கிலம் கற்க அயர்லாந்துக்குச் சென்றது 1928இல். கோழிப் பென்னி பிறந்ததும் அதே ஆண்டில்தான். இந்தப் பொருத்தத்தைத் தாமே கண்டுபிடித்ததாக எட்டாம் வகுப்பு உறுப்பினர்கள் பெருமை கொள்கிறார்கள்!

அனுப்புமுன் கேட்கவேண்டியவை

பேனா நண்பர்களோடு காசு மாற்றிக்கொள்ளும் தோழியரும், வெளிநாட்டு உறவினர்க்குக் காசு அனுப்ப விரும்பும் பெற்றோரும் பின்வரும் கேள்விகளை மனத்தில் கொள்வது நலம்.

1. இந்தக் காசுக்கு வயது என்ன? நூறு ஆனதா? ஐயமிருந்தால் தொல்லியல் துறையிடம் கேட்டோமா?
2. இது நம் நாட்டுப் பணமா? நினைவு நாணயமானால் ஒவ்வொன்றிலும் இரண்டுக்குள் இருக்கிறதா?
3. இது எப்படி நம் கைக்கு வந்தது? மண்ணிலிருந்து கிடைத்ததானால் அரசுக்குத் தெரிவித்தோமா?
4. பெறும் நாடு தபாலில் காசை ஏற்கிறதா? காப்பீட்டு வசதி உண்டா?
5. படிவத்தில் உள்ள பெயரும் மதிப்பும் உறைக்குள் உள்ள பொருளோடு ஒத்திருக்கின்றனவா?
6. காசு உராயாமலும் ஒலிக்காமலும் பொதியப்பட்டதா? பி.வி.சி. பிளாஸ்டிக் உறையில் நெடுநாள் வைத்தால் செப்புக் காசில் பச்சைப் பசை படியும். காகித உறையோ அட்டையோ நல்லது. பழங்காசைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குவதும் தவறு. அதன் முகமே தேய்ந்துவிடும்.

இவற்றுள் ஒன்றுக்கு விடை தெரியாவிட்டாலும் உறையை ஒட்டாதீர்கள். கேட்டறிய ஒரு வாரம் ஆகும். ஆனால் போன காசு திரும்பி வராது.

முடிவுரை

மூன்று வாரம் கழித்துச் சிஸ்டரிடமிருந்து பதில் வந்தது. காலைக் கூட்டத்தில் தலைமையாசிரியை சிஸ்டர் அதனைப் படித்துக் காட்டினார். "கம்பெனிக் காலணாவின் சிங்கங்களைக் கட்டைவிரல் உடனே கண்டுகொண்டது. ராணியின் முகம் இன்னும் அதே கண்டிப்போடு இருக்கிறது. கோழிக்குஞ்சுகளை எண்ணிப் பார்த்தேன், ஒன்றும் குறையவில்லை. ஓட்டைக் காசை நூலில் கோத்துச் செபமாலைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். காசுகளை அனுப்பச் சொன்னது என் பிழை. நீங்கள் அனுப்பாதது சரி. அவை உங்கள் ஊர்க் காசுகள். உங்களுக்குப் பின்னால் வரும் பிள்ளைகளின் கையிலும் அவற்றை வைத்து, 'இது யார் காலம்?' என்று கேளுங்கள்" என்று எழுதச் சொல்லியிருந்தார்.

பிஸ்கட் டப்பா அதே அலமாரியில், அதே மேல்தட்டில் இருக்கிறது. ஆறு காசுகளும் பத்திரமாக உள்ளன. புதன்கிழமை தோறும் மாலையில் கழகம் கூடும்போது தோழியர் யாவரும் வந்து தொட்டுப் பார்க்கலாம். வாங்காமல் விட்டிருக்கவேண்டிய அந்த வாழ்த்து அட்டை மட்டும், எதுவும் எழுதப்படாமல், டப்பாவின் அடியில் கிடக்கிறது. அதை எறிந்துவிட எங்களுள் எவருக்கும் மனமில்லை.

— நாணயக் கழக மாணவியர்